சிவப்பு விளக்கு எரியும் முன்பே

உற்பத்தியாளர் காரில் வைக்காத ஒரு மானியைப் பின்னாளில் தனியே வாங்கி, ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டும் இடத்தில் நிறுத்துவதற்காகச் செய்யப்படும் கிண்ண வடிவப் பிளாஸ்டிக் கூடு, மலேசியப் பட்டறைகளில் ‘மீட்டர் பாட்’ எனப்படுகிறது. பெரும்பாலும் 52 அல்லது 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள மானிகளுக்கென வார்க்கப்படும் இக்கூடு, குளுவாங் போன்ற ஊர்களில் இளைஞர்களின் வேக ஆசையோடு சேர்த்தே பேசப்படுவதற்குக் காரணம் உண்டு. 1994-இல் வெளிவந்த பெரோடுவா கஞ்சில் கார், ஜப்பானின் டைஹாட்சு மீராவை அடிப்படையாகக் கொண்டது. எனவே அந்நாட்டில் பழைய கார்களை இரண்டாக அறுத்து முன்பாதியைக் கப்பலேற்றும் ‘ஹாஃப்-கட்’ வணிகத்தின் வழியே வந்த 660 சிசி டர்போ எஞ்சின்கள் அதில் எளிதாகப் பொருந்தின. டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்ட கஞ்சிலில் முள் இல்லாததால் பூஸ்ட் மீட்டரும், அதை வைக்க ஒரு கூடும் தேவைப்பட்டன. இவ்வாறு எஞ்சினை மாற்றுவோர் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலும் வாகனப் பரிசோதனைச் சான்றும் பெறவேண்டும் என்பது தனிக் கதை.

பூஸ்ட் மீட்டரைவிடக் குளுவாங் குடும்பங்களுக்கு அதிகம் பயன்படுவது நீர் வெப்பமானிதான். மைவி போன்ற சிறு கார்களில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தைக் காட்ட முள் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதிநிலையை நெருங்கினால் சிவப்பு விளக்கு, இடைப்பட்ட நிலைக்கு எந்த அறிகுறியும் இல்லை. இயல்பாக 90 பாகை செல்சியஸை ஒட்டி நிற்கும் நீர், ரேடியேட்டர் ஒழுகுவதாலோ விசிறி நின்றதாலோ சூடேறி, சிவப்பு விளக்கு எரியும் வேளையில் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடவும் கூடும். முள் உள்ள மானியோ நூறைத் தாண்டும்போதே காரை ஓரங்கட்டச் சொல்லிவிடும். கஹாங் வழியாக மெர்சிங் நோக்கிச் செல்லும் 50-ஆம் எண் கூட்டரசுச் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே பட்டறை எளிதில் தென்படாத இடங்களில், அந்தச் சில நிமிட முன்னறிவிப்பு ஓர் எஞ்சினையே காப்பாற்றும்.

பொருத்தும் முறையில்தான் கவனம் வேண்டும். ரேடியேட்டரின் மேல் ஹோஸை அறுத்து, நடுவே அலுமினிய இணைப்பான் ஒன்றைச் செருகி, இருபுறமும் கிளிப் இறுக்கி, அதில் சென்சாரைத் திருகுவது வழக்கம். ரப்பருக்கு நடுவே இருக்கும் இணைப்பான் காரின் உடலைத் தொடுவதில்லை. ஆகையால் ஒற்றை வயர் சென்சாராக இருந்தால் இணைப்பானுக்குத் தனியே எர்த் வயர் கொடுக்கவேண்டும், இல்லையேல் முள் பொய் சொல்லும். எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் வயர், இடையிலுள்ள தகட்டுச் சுவரின் துளையில் ரப்பர் வளையத்தின் ஊடாகவே வரவேண்டும். வளையமற்ற துளையின் கூர்விளிம்பு நாளடைவில் வயரின் உறையை அறுத்து ஷார்ட் சர்க்கியூட்டில் கொண்டுபோய் விடும். சாவியைத் திருப்பினால் மட்டுமே மின்சாரம் வரும் ஃபியூஸிலிருந்து, தனிச் சிறு ஃபியூஸ் வைத்து இணைப்பு எடுப்பதே முறை. கொதிக்கும் எண்ணெயைக் குழாய் வழியாக ஓட்டுநரின் காலருகே கொண்டுவரும் பழைய வகை எண்ணெய் அழுத்தமானியைத் தவிர்த்து, மின் சென்சார் கொண்டதையே வாங்குவது நல்லது.

கூட்டை எங்கே வைப்பது என்பதில் பலரும் தடுமாறுகின்றனர். முன்கண்ணாடியின் பக்கத் தூணில் வைத்தால் அழகாகத் தோன்றும். ஆனால் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள கார்களில் அந்தப் பை கூரை விளிம்பில் மடித்து வைக்கப்பட்டு இத்தூண்வரை வருவதால், கண்ணிமைக்கும் நேரத்தில் அது விரியும்போது கூடு அதைத் தடுக்கலாம், அல்லது மானியே தலையை நோக்கிப் பாயலாம். சாலை விபத்துகளில் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோராக இருக்கும் இந்நாட்டில், சந்திப்புகளில் அவர்களை மறைக்கும் தூணை மேலும் பருமனாக்குவதும் தவறே. பயணி ஏர்பேக் ஒளிந்திருக்கும் இடப்பக்க டேஷ்போர்டும் இதேபோல் விலக்கப்படவேண்டியது. ஸ்டியரிங் தண்டின் மேலுறையில், வேகமானியை மறைக்காத ஓரமே பாதுகாப்பானது. அங்கும் வெறும் இரட்டைப்பக்க ஒட்டுநாடாவை நம்பலாகாது. நண்பகலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 பாகையையும் தாண்டும், பசை இளகிக் கூடு கழன்று விழும்.

தூணின் உறையில் ‘எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்’ என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளனவா என்பதைத் துரப்பணத்தைக் கையில் எடுக்குமுன் பாருங்கள். இருந்தால் அதில் ஒரு திருகாணிகூட இறக்கவேண்டாம்.