நஞ்சு எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்

மஞ்சள் பைக்குள் ரேஷன் அட்டை, ஆதார் அட்டை, தாய் சேய் நலப் புத்தகம். அவற்றோடு நான்காக மடித்த ஒரு ஸ்கேன் தாள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அந்தத் தாளை நான் பிரித்துப் படித்தபோது, அதற்கு உரிய தங்கை உள்ளே அறுவை அரங்கில் கிடந்தார். வயது 26. மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் சிசேரியன். ஐந்தாம் மாதத்தில் எடுத்த அந்த ஸ்கேனில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. நஞ்சுக்கொடி முன்பக்கச் சுவரில், தாழ்வாக, கர்ப்பப்பை வாயைத் தொட்டபடி இருக்கிறது என்பது அதன் பொருள். மூன்று மாதமாக அந்த வரியை யாரும் அவருக்குப் படித்துச் சொல்லவில்லை.

எட்டாம் மாதத்தில் ஓர் இரவு, பாய் நனைந்து விழித்திருக்கிறார். ரத்தம். வலி துளியும் இல்லை. "வலிதான் இல்லியே, விடிஞ்சதும் போவலாம்" என்றிருக்கிறார் மாமியார். விடிவதற்குள் இரண்டாம் முறை கொட்டியது. 108 வண்டி பெரிய சாலையில் நின்றுவிட, காலனியிலிருந்து கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முதலில் போன மருத்துவமனையில் இரவில் மயக்க மருத்துவர் இல்லை. அடுத்த இடத்தில் அவருக்கான ரத்தம் இல்லை. மூன்றாவது இடத்தில்தான் அறுவை. பழைய தையல் தழும்புக்குள் நஞ்சு வேரோடியிருந்ததால் பிரித்தெடுக்க முடியவில்லை. கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று. குறைமாதக் குழந்தை மூன்றாம் நாள் இறந்தது. தாய் பிழைத்தார்.

ஒரு வாரம் கழித்து அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அக்கா, அந்தத் தாளுலயே முன்னாடி எழுதியிருந்துச்சாமே?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் பலர். அதற்காகவே இந்த வாரப் பத்தி.

சொல்ல வேண்டிய செய்தி

குழந்தைக்கு உணவும் மூச்சும் கொண்டுபோகிற உறுப்புக்கு நம் வழக்கில் நஞ்சு என்று பெயர். பெரும்பாலும் அது கர்ப்பப்பையின் மேற்பகுதியில் ஒட்டி வளரும். சிலருக்குக் கீழே இறங்கி, குழந்தை வெளிவரும் வாயை மறைத்துக்கொள்ளும். பிரசவ நேரம் வரை அப்படியே நிற்பது ஏறத்தாழ 200 கர்ப்பத்தில் ஒன்று. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி விரியத் தொடங்கியதும் நஞ்சு பெயர்ந்து ரத்தம் கொட்டும். சிவந்த ரத்தம், வலி இருக்காது. வலியில்லாததாலேயே வீட்டில் ஆறப்போடுகிறார்கள். கர்ப்பிணிக்கு ரத்தம் பட்டால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த நொடியே கிளம்ப வேண்டும். நஞ்சு எங்கே இருக்கிறது என்று ஸ்கேனில் தெரியும் முன்பு, கையை உள்ளே விட்டு யாரும் சோதிக்கக் கூடாது. தாழ்ந்திருக்கும் நஞ்சை விரல் இடறினால் ரத்தம் பீறிடும்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சு கீழே இருப்பதாகத் தெரிந்தாலே பயப்பட வேண்டியதில்லை. கர்ப்பப்பை வளர வளர, 10 பேரில் 9 பேருக்கு அது மேலே நகர்ந்துவிடும். மீதி ஒருவர் யார் என்று எப்படி அறிவது? ஏறத்தாழ 32ஆவது வாரத்தில் இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டும். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதில் தெளிவில்லை என்றால் பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் ஸ்கேன் உண்டு. முறையாகச் செய்தால் அதில் ஆபத்தில்லை, துல்லியமும் கூடுதல். நஞ்சின் விளிம்பு கர்ப்பப்பை வாயிலிருந்து 2 சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா என்று அதில் அளந்துவிடலாம்.

முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு இதில் இன்னொரு ஆபத்து சேர்கிறது. தாழ்ந்த நஞ்சு பழைய தழும்பின் மேல் ஒட்டினால் தசைக்குள் ஊடுருவிவிடலாம். ஏற்கெனவே 2 சிசேரியன் ஆகி, மூன்றாவதில் நஞ்சும் வாயை மூடியிருந்தால், அப்படி ஊடுருவும் வாய்ப்பு 100க்கு 40 என்று மருத்துவ ஆய்வு சொல்கிறது. ஒரு சிசேரியன் மட்டும் ஆனவருக்கு அது 100க்கு 11. இதைக் கண்டுபிடிக்க முதலில் வேண்டியது சந்தேகம். 'முன்பு எத்தனை ஆபரேஷன்? நஞ்சு எங்கே?' என்ற இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்டாலே சந்தேகம் வந்துவிடும். பிறகு டாப்ளர் ஸ்கேன், தேவையானால் எம்.ஆர்.ஐ. உறுதியானால் 34 முதல் 36 வாரத்துக்குள், பகல் வெளிச்சத்தில், ரத்தம் கையிருப்போடு, பெரிய மருத்துவமனையில் திட்டமிட்ட அறுவை. நம் தங்கைக்கு இதே அறுவை நடந்தது நள்ளிரவு தாண்டி, மூன்றாவது மருத்துவமனையில், கடன் வாங்கிய ரத்தத்தில்.

நஞ்சு பிரசவத்துக்கு முன்பே சுவரிலிருந்து பெயர்ந்துவிடுவது வேறொரு சிக்கல். ஏறத்தாழ 100 கர்ப்பத்தில் ஒன்றில் இது நேர்கிறது. வயிறு கல்லாக இறுகும், வலி விடாது. ரத்தம் உள்ளேயே தேங்கி வெளியே கொஞ்சமும் தெரியாமல் போகலாம். ஸ்கேன் இதைப் பாதிக்கு மேல் தவறவிடும். ஆகவே 'ஸ்கேனில் ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது. கையால் வயிற்றைத் தொட்டு, பெண் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டிய நோய் இது. நம்மைத் தொடுவதற்கும் நாம் சொல்வதைக் கேட்பதற்கும் தயங்குகிற இடத்தில் அது எப்படி நடக்கும்?

நஞ்சு சரியாக வேரூன்றாததால் வருகிற ரத்தக்கொதிப்பும் உண்டு. தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம் அதன் அறிகுறிகள். அதைப் பிடிக்க பி.பி. கருவியும் சிறுநீர்ச் சோதனையும் போதும். குழந்தை வளரவில்லை என்பதை ஓர் அளவு நாடாவே முதலில் காட்டிக் கொடுக்கும். ஒவ்வொரு மாதமும் வயிற்றை அளந்து எழுத வேண்டும், அவ்வளவுதான். அளக்காமலேயே போன மாத எண்ணோடு கொஞ்சம் கூட்டி எழுதிய அட்டைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பலகையும் மௌனமும்

ஸ்கேன் மையங்கள் எல்லாவற்றிலும் ஒரு பலகை தொங்குகிறது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம். 1994ஆம் ஆண்டுச் சட்டம். தேவையான சட்டம், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது என்ற சட்டத்தை, நம் பெண்களிடம் எதையுமே சொல்ல வேண்டியதில்லை என்று படித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். நஞ்சு எங்கே இருக்கிறது என்று சொல்ல எந்தச் சட்டமும் தடை போடவில்லை. காரில் வந்து இறங்குகிற பெண்ணுக்கு மருத்துவர் திரையைக் காட்டி விளக்குகிறார். காலனிப் பெண்ணுக்குத் தாளை நீட்டி, "இந்தாம்மா, அடுத்த ஆளக் கூப்புடு" என்கிறார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு தவறு உண்டு. 'நஞ்சு முன்பக்கமா, பின்பக்கமா?' என்று கேட்டு, அதை வைத்து ஆணா பெண்ணா என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்குக்கு அடிப்படை ஏதுமில்லை. கேட்க வேண்டியது மேலா, கீழா என்பதை.

என் பாட்டி பிரசவம் பார்த்தவர். ஊர்த்தெருவில் பிரசவம் என்றால் கொல்லைப்பக்கமாக வரச்சொல்லி அழைப்பார்கள். தீட்டுத்துணி துவைப்பதும் நஞ்சை எடுத்துப் புதைப்பதும் அவர் தலையில் விழுந்த வேலை. புதைப்பதற்கு முன் அதை வாழையிலையில் விரித்து, ஓரம் பிய்ந்திருக்கிறதா, துண்டு ஏதும் உள்ளே தங்கிவிட்டதா என்று தடவிப் பார்ப்பார். இன்று மருத்துவப் பாடத்திலும் அதுவே விதி. நஞ்சு அரைமணி நேரத்துக்குள் விழ வேண்டும், விழுந்ததும் முழுதாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அந்தக் காலத்தை நான் புகழ வரவில்லை. பாட்டியின் கண்ணெதிரே ரத்தம் வடிந்து செத்தவர்கள் இருந்தார்கள். அவரிடம் ஸ்கேன் இல்லை, ரத்த வங்கி இல்லை. எல்லாம் இருக்கிற இன்றும், ஊரார் நஞ்சைத் தொட்டுப் புதைத்தவரின் தெருவில், தன் நஞ்சு எங்கே இருக்கிறது என்று ஒரு பெண்ணுக்குத் தெரியவில்லை.

சராசரிக்குள் மறையும் தெரு

மகப்பேறு நலத்தில் தமிழ்நாடு முன்னணி மாநிலம். மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2018–20இல் லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் தாய் இறப்பு இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54. பெருமைதான். பிரசவங்கள் ஏறத்தாழ அனைத்தும் மருத்துவமனையில் நடக்கின்றன, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் உதவி வருகிறது, சீமாங் மையங்கள் இருக்கின்றன. இவற்றைக் குறைத்துப் பேச நாம் தயாரில்லை.

ஆனால் அந்த 54 என்ற எண் மாநிலத்தின் சராசரி. அதைச் சாதிவாரியாகப் பிரித்து வெளியிடுவதில்லை. 2011 கணக்கெடுப்பில் 100க்கு 20 பேராக இருக்கும் பட்டியல் சாதி மக்களின் தாய்மார்கள் அந்த எண்ணுக்குள் எத்தனை பேர் என்று நம்மால் கேட்கத்தான் முடிகிறது. இறந்தவர்களுக்கு மட்டுமே அந்தக் கணக்கில் இடம். நம் தங்கையைப் போலக் கர்ப்பப்பையை இழந்து பிழைத்தவர்கள் எந்தச் சராசரியிலும் வரமாட்டார்கள்.

இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 100க்கு 45 சிசேரியன். முந்தைய ஆய்வில் அது 34. ஒவ்வொரு தழும்பும் அடுத்த கர்ப்பத்தில் ஒரு கேள்வி. நம் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ரத்தசோகையும் இருக்கிறது. நல்ல உடம்பு தாங்குகிற ரத்த இழப்பை அந்த உடம்பு தாங்காது. களையெடுத்துவிட்டு வந்து, கஞ்சி குடித்துப் படுக்கிற பெண்ணுக்கு ஒரு மணி நேரத் தாமதம் என்பது வேறு கணக்கு.

கேட்பது இவைதான்

ஒன்று. ஸ்கேன் முடிவைத் தாய் சேய் நலப் புத்தகத்தில் தமிழில் நான்கு வரி எழுதுங்கள்: நஞ்சு மேலா கீழா, வாயிலிருந்து எவ்வளவு தூரம், அடுத்த ஸ்கேன் எந்தத் தேதி, பிரசவம் எந்த மருத்துவமனையில். எழுதியதைப் படித்தும் காட்டுங்கள்.

இரண்டு. நஞ்சு தாழ்ந்திருப்பவர்களின் பட்டியல் கிராம சுகாதார செவிலியரிடம் தனியாக இருக்க வேண்டும். 32ஆவது வாரத்தில் அந்தப் பெண் வரவில்லை என்றால் செவிலியர் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். ஊர்த்தெரு அங்கன்வாடியில் உட்கார்ந்து ஆளனுப்புவது வீட்டுப் பார்வை ஆகாது. மாதந்தோறும் 9ஆம் தேதி நடக்கும் மருத்துவர் முகாமில், ஆபத்துள்ள கர்ப்பிணியின் அட்டையில் சிவப்பு வில்லை ஒட்டும் ஏற்பாடு 2016 முதல் இருக்கிறது. ஒட்டினால் மட்டும் போதாது, எதற்காக ஒட்டினோம் என்று சொல்லுங்கள்.

மூன்று. முன்பு சிசேரியன் ஆகி, இப்போது நஞ்சும் தாழ்ந்திருக்கும் பெண்ணை எட்டாம் மாதத்துக்கு முன்பே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, ரத்தப் பிரிவு அறிந்து, ரத்தத்துக்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும். இரவில் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும்போது, அங்கே மருத்துவரும் ரத்தமும் இருப்பதை உறுதி செய்த பிறகே வண்டி கிளம்ப வேண்டும்.

நான்கு. தாய் இறப்புத் தணிக்கையில் சாதியையும் குடியிருப்பையும் பதிந்து, பெயர் நீக்கி, மாவட்ட வாரியாக எண்ணிக்கையை வெளியிடுங்கள். ரத்தப்போக்கால் கர்ப்பப்பை எடுக்கப்பட்டவர்களையும் அதில் சேருங்கள்.

ஐந்தாவது நம் தெருவுக்கு. அன்றிரவு ரத்தம் கொடுத்தவர்கள் காலனிப் பையன்கள்தான். அந்தப் பையன்களின் ரத்தப் பிரிவும் கைப்பேசி எண்ணும் படிப்பகச் சுவரில் எப்போதும் இருக்கட்டும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வயிற்றில் விழும் ஓர் உதை நஞ்சைப் பெயர்த்துவிடும். குடித்துவிட்டு வந்து கர்ப்பிணியை உதைப்பவன் ஊர்த்தெருவில் மட்டும் இல்லை. நீலக்கொடி கட்டிய நம் தெருவிலும் இருக்கிறான். அவனைத் தட்டிக் கேட்பதும் நம் அரசியல்தான்.

1928இல் பம்பாய் சட்ட மேலவையில் ஆலைப் பெண் தொழிலாளர்களின் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார் அண்ணல் அம்பேத்கர். தாயின் ஓய்வும் நலமும் நாட்டின் பொறுப்பு என்பது அவர் வாதம். ஏறத்தாழ நூறாண்டு ஆகப்போகிறது. உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறுகிறது, செய்தி காதில் ஏறவில்லை.

அடுத்த கிராமசபைக்குப் போகும் பெண்கள் தங்கள் ஸ்கேன் தாளை எடுத்துப் போங்கள். சுகாதாரத் துறையிலிருந்து வருபவரிடம் நீட்டி, "என் நஞ்சு எங்கே இருக்கு, படிச்சுச் சொல்லுங்க" என்று கேளுங்கள். சபை நடுவில், சத்தமாகக் கேளுங்கள். அந்தத் தங்கை கேட்க முடியாமல் போன கேள்வி அது.