இருபத்தொரு கியர் யாருக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் கோபமான பதிவும்கூட. பொறுத்துப் படியுங்கள்.

கள்ளக்குறிச்சியில் பல வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கியர் சைக்கிள் தூசி படிந்து கிடக்கிறது. கேட்டால், "செயின் கழண்டுக்கிட்டே இருக்கு சார், பையன் தொடமாட்டேங்கிறான்" என்கிறீர்கள். அடுத்த மாதம் அந்தப் பதினைந்து வயதுப் பையன் கையில் ஸ்கூட்டர் சாவி! 2019 சட்டத் திருத்தப்படி அதற்குப் பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. தெரிந்துதான் கொடுக்கிறீர்கள்.

பையனைத் திட்டாதீர்கள். குற்றவாளி பெடலோடு சுற்றும் அந்த மூன்று செயின் வீல்தான்.

கணக்குப் போடுவோம். முன்னே 48, 38, 28 பல். பின்னே 14 முதல் 28 பல் வரை ஏழு. மூவேழு இருபத்தொன்று என்று விற்கிறார்கள். 48ஐ 24ஆல் வகுத்தால் 2. 28ஐ 14ஆல் வகுத்தாலும் 2. இரண்டும் ஒரே கியர்! 48க்கு 20 போட்டால் 2.4, 38க்கு 16 போட்டால் 2.38. எந்தக் காலுக்கு இந்த வித்தியாசம் தெரியும்? பெரியதோடு பெரியதை மாட்டினால் செயின் கோணலாக ஓடித் தேய்கிறது.

பின் டெரெய்லர் தளர்ந்த பக்கத்துச் செயினை நகர்த்துகிறது. முன் டெரெய்லரோ மிதிக்கும் விசையில் விறைத்து நிற்கும் செயினை ஒரு தகட்டால் இடித்துத் தள்ளுகிறது. செம்மண்ணும் சேறும் சேர்ந்தால் செயின் கழலாமல் என்ன செய்யும்? பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிளில் இந்தத் தொல்லையே இல்லை. அதில் செயின் நேராக ஓடுகிறது.

"மலை ஏற வேணுமே சார்" என்று வெள்ளிமலைப் பக்கத்து மாணவர்கள் கேட்பார்கள். நியாயம்தான். கோமுகி அணை தாண்டி ஏற்றம் தொடங்கினால் கியர் இல்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். ஆனால் அதற்கு முன்னே ஒன்று போதும். 36 பல் செயின் வீல் ஒன்று, பின்னே 14 முதல் 34 வரை ஏழு. 36ஐ 34ஆல் வகுத்தால் 1.06. பழைய வண்டியின் மிக லேசான கியர் 28க்கு 28, அதாவது 1. வித்தியாசம் நூற்றுக்கு ஆறு.

சமவெளியில் 36க்கு 14. 26 அங்குலச் சக்கரம் ஒரு மிதி சுற்றுக்குச் சுமார் 5.3 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 22 கிலோமீட்டர். பள்ளிக்கூடம் போகிறவனுக்கு இதற்கு மேல் என்ன அவசரம்? நாம் இழப்பது இறக்கத்தில் வேகமாக மிதிக்கும் கியரை மட்டும். கல்வராயன் மலை வளைவுகளில் இறங்க நல்ல பிரேக் கட்டைதான் வேண்டும்.

வாத்தியார் கஞ்சத்தனம் என்று சிரிக்காதீர்கள். 2012இல் ஸ்ராம் நிறுவனம் மலைப்பந்தய சைக்கிளுக்கே முன்னே ஒன்று, பின்னே பதினொன்று என்று கொண்டுவந்தது. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறவர்கள் கழற்றிப்போட்டதை நாம் பெருமையாக வாங்குகிறோம்.

செய்ய வேண்டியது இதுதான். இடது கை கியர் லீவர், அதன் கேபிள், முன் டெரெய்லர் மூன்றையும் கழற்றுங்கள். ஒரு பல் தடிமன், ஒரு பல் மெல்லிசு என்று மாறி மாறி வரும் செயின் வீலாகக் கேளுங்கள், அது செயினைப் பிடித்துக்கொள்ளும். பின்னே உள்ள ஏழில் நடுவில் இருப்பதற்கு நேராக அது நிற்கவேண்டும். செயின் நீளத்தைச் சரிபாருங்கள். பின் டெரெய்லர் 34 பல் வரை ஏறுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மலிவு வண்டிகளில் மூன்று வீலையும் ரிவிட் அடித்திருப்பார்கள், அப்போது கிராங்கையே மாற்றவேண்டும்.

கையில் காசில்லையா? இடது லீவரை 2இல் வைத்து டேப் சுற்றிவிடுங்கள். ஏழு கியரோடு வண்டி ஓடும், செலவு பத்து ரூபாய் டேப்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே சைக்கிளை வெளியே எடுங்கள். ஸ்கூட்டர் சாவியை வாங்கிப் பீரோவில் வையுங்கள். மறுத்துப் பேச நினைப்பவர்கள் கணக்கோடு வாருங்கள், திருத்தித் தருகிறேன்.