மனமும் சமயமும் கல்லூரிக்கு ஆகாதவையா?

ஆண்டுதோறும் பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகி, கோவையிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கல்லூரி வாசல்களில் நிற்கும் பருவத்தில், மனோதத்துவத்தையும் சமயங்களையும் பற்றி நம்மவர் வழங்கும் தீர்ப்பு ஒன்று தவறாமல் காதில் விழுகிறது. மனத்தை அறியக் கல்லூரி எதற்கு, நாலு பேரோடு பழகினால் தானே தெரிந்துவிடும். சமயத்தை வீட்டிலும் கோயிலிலும் கற்கவேண்டுமேயன்றி வகுப்பறையில் கற்பது முறையன்று, அதற்குச் சட்டமும் இடம் தராது. போதாக்குறைக்கு இரண்டுமே சோறு போடாத படிப்புகள் என்பதே அதன் சாரம். படித்தவர்களும், ஏன், கல்லூரி நடத்துகிறவர்களில் சிலரும்கூட இந்த அபிப்பிராயத்தை ஒப்புக்கொண்டுவிட்டதாகத் தோன்றுவதால், இதனைச் சற்று நிதானமாகப் பரிசீலிப்பது அவசியமாகிறது.

சட்டத்தைப் பற்றிய பேச்சை முதலில் முடித்துவிடலாம், ஏனெனில் அதில் சாரம் குறைவு. அரசாங்க நிதியால் முழுவதும் நடத்தப்படும் கல்வி நிலையங்களில் மத போதனை கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆம் விதி கூறுவது மெய்யே. ஆனால் போதனை வேறு, ஆராய்ச்சி வேறு என்பதை உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்தியிருக்கிறது. குரு நானக்கின் வாழ்க்கையையும் உபதேசங்களையும் பயில ஒரு பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்வது மத போதனை ஆகாது என்று 1971இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கிலும், சமயங்களைப் பற்றி அறிவிப்பதை அந்த விதி தடுக்கவில்லை என்று 2002இல் அருணா ராய் வழக்கிலும் அது தீர்ப்பளித்தது. அதற்கும் வெகுகாலம் முன்பே, 1948–49இல் பணியாற்றிய, ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, பட்டப் படிப்பின் முதலாண்டில் சமயப் பெரியோர் வரலாற்றையும், இரண்டாமாண்டில் பல சமய நூல்களிலிருந்து தேர்ந்த பகுதிகளையும், மூன்றாமாண்டில் சமயத் தத்துவத்தின் தலையாய பிரச்சினைகளையும் பயிற்றலாம் என்று வழி வகுத்துக் கொடுத்தது. அக்குழுவின் அறிக்கையைப் புரட்டாதவர்களே சட்டத்தின்மேல் பழி போடுகிறார்கள்.

சமயம் வீட்டில் கற்கத்தக்கது என்ற கக்ஷியோ இதைவிடக் கனமானது. நேர்மையாளர் பலர் அதனை மனப்பூர்வமாக நம்புகிறார்கள். ஆனால் வீட்டில் கற்பது எது? தன் குலதெய்வம், தன் விரதம், தன் பண்டிகை, இவ்வளவே. பெருந்துறையை அடுத்த விசயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரருக்குக் கோயில் இருப்பதையும், பெருங்கதை இயற்றிய கொங்குவேளிர் அவ்வூரார் என்று கூறப்படுவதையும், பள்ளியில் இலக்கணம் படித்த ஒவ்வொருவரும் பெயரளவிலேனும் அறிந்த நன்னூலின் ஆசிரியர் ஒரு சமண முனிவர் என்பதையும், அவரைச் சீனாபுரத்தோடு சேர்த்துச் சொல்லும் மரபு கொங்கில் உண்டு என்பதையும் எந்த வீட்டில் சொல்லிக் கொடுக்கிறார்கள்? சமணம் ஒரு காலத்தில் இந்த மண்ணில் வேரூன்றி நின்றது என்பதே பெருந்துறைச் சாலையில் நாள்தோறும் போய்வரும் இளைஞருக்குச் செய்தியாக இருக்கிறது. சொந்த ஊர்ச் சமயத்தின் கதியே இதுவானால், அடுத்த தெருவார் சமயத்தைப் பற்றிக் கேட்கவேண்டியதில்லை. 1997 நவம்பரில் கலவரத்தையும், 1998 பிப்ரவரி 14இல் 58 உயிர்களைப் பலிகொண்ட குண்டுவெடிப்புகளையும் கண்ட நகரம் கோவை. ஒரு பாடத்திட்டம் அக்கொடுமையைத் தடுத்திருக்கும் என்று வாதிடும் வெகுளித்தனம் எனக்கு இல்லை. ஆனால் அதற்குப் பிறகும், பக்கத்துத் தெருவில் தொழுகிறவன் எதை நம்புகிறான் என்பதை வதந்தியின் வாயிலாகவே தெரிந்துகொள்ளும்படி பிள்ளைகளை விட்டுவைத்து, அதற்கு 'வீட்டில் கற்பது' என்று பெயரிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி, மனத்தை அறியப் பழக்கமே போதும் என்ற கூற்றுக்கு வருவோம். பழக்கம் தரும் அறிவில் ஒன்றோடொன்று முரண்படுவன எத்தனையோ உள; அவற்றுள் எது மெய் என்று சோதித்துப் பார்க்கும் முறையைப் பழக்கம் தருவதில்லை. கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் அப்படியே நினைவில் நிற்கும் என்பது பொது அறிவு. அது பெரும்பாலும் பொய் என்பதை, ஒரு நாடோடிக் கதையை மாணவர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லச் செய்து, அது எவ்வாறு அவரவர் பண்பாட்டுக்கேற்ப உருமாறுகிறது என்று கண்ட மனோதத்துவ அறிஞர் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் காட்டினார். அத்தகைய சோதனைக்குக் கொங்கு நாட்டைவிடத் தக்க களம் எது? பொன்னர் சங்கர் என்னும் அண்ணன்மார் வரலாற்றை உடுக்கடித்துப் பாடுவோர் தலைமுறை தலைமுறையாக இங்கே இருந்திருக்கிறார்கள். காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் 1960களில் தங்கி அதனை ஒலிநாடாவில் பதிவு செய்து, 1982இல் ஆராய்ச்சி நூலாக்கியவர் பிரெண்டா பெக் என்ற மேனாட்டு மானிடவியல் அறிஞர். நம் பிள்ளைகளுக்குச் செய்யத் தோன்றாததை அவர் கடல் கடந்து வந்து செய்தார்.

மனோதத்துவம் மேனாட்டுச் சரக்கு, தமிழுக்கு ஒட்டாது என்று ஒரு கிளை வாதமும் உண்டு. அதற்கு விடை ஈரோட்டுப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசிலேயே 1908இல் பிறந்துவிட்டது. அவ்விடைதான் பெரியசாமித் தூரன்; அவர் அவிநாசிலிங்கம் செட்டியார் 1930இல் கோவையில் தொடங்கிய இராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியர். முருகன்மீது கீர்த்தனைகள் புனைந்த அதே கைதான் 'அடிமனம்', 'தாழ்வு மனப்பான்மை', 'மனமெனும் மாயக் குரங்கு' முதலிய மனோதத்துவ நூல்களையும் எளிய தமிழில் எழுதிற்று. பக்தியும் மனோதத்துவமும் ஒன்றையொன்று அழிக்கும் என்று அஞ்சுவோர் அவர் வாழ்க்கையை ஒருமுறை நோக்குவார்களாக.

உண்மையில் இவ்விரண்டு சாஸ்திரங்களும் தனித்தனியே நிற்கும்போதுதான் ஊனமாகின்றன. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில், பொருளைக் களவு கொடுத்தவரும் வஞ்சிக்கப்பட்டவரும் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவதைப் பொள்ளாச்சி வட்டாரத்தில் அறியாதார் இல்லை. கிடந்த கோலத்தில் காட்சி தரும் இத்தெய்வம் யார், எந்த வழிபாட்டு மரபில் தோன்றியவள் என்று ஒருவன் கேட்கவேண்டும்; அரைக்கும்போது அரைப்பவர் நெஞ்சிலிருந்த ஆற்றாமை என்னவாகிறது, செய்தி ஊரில் பரவியபின் திருடியவன் உறக்கம் என்னவாகிறது என்று மற்றொருவன் கேட்கவேண்டும். முன்னவன் கேள்வியை மட்டும் கேட்டால் தலபுராணம் மிஞ்சும். பின்னவன் கேள்வியை மட்டும் கேட்டால் மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லோடு வகுப்பு கலைந்துவிடும். தர்காவை நாடி மனநோயாளர் வந்து தங்கிய ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டபோது, கோயில், தர்கா எதுவானாலும் நோயாளியை அங்கே அழைத்துச் செல்வதே குற்றம் என்று பேசினர் பலர். மறு ஆண்டிலேயே பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 நோயாளரைப் பரிசோதித்து, அவர்களுடைய நோய்க்குறி அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்ததாக எழுதினார்கள். சங்கிலியை நியாயப்படுத்த அதில் ஒரு வரியும் இல்லை. ஆதரவான இடத்தில் தங்குவது என்ன செய்கிறது என்ற வினா மட்டுமே இருக்கிறது. அவ்வினாவைத் தொடர்ந்து கேட்க இரு சாஸ்திரமும் அறிந்த பிள்ளைகள் வேண்டும்.

சோற்றுக் கணக்கில் எதிர்க்கட்சிக்குப் பாதி நியாயம் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. மூன்றாண்டு உளவியல் பட்டம் ஒருவரைச் சிகிச்சையாளராக்குவதில்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றம் அதற்கு மேற்படிப்பையும் பயிற்சியையும் கேட்கிறது, கேட்பதும் நியாயமே. ஆனால் பௌதிகத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவனை யாரும் விஞ்ஞானி என்று அழைப்பதில்லையே. அதற்காக அந்தத் துறையை மூடச் சொல்கிறார்களா? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களை நம்பி ஓடும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில், சத் பூஜை நெருங்கும்போது பீகார்த் தொழிலாளி ஏன் ஊர் திரும்பத் துடிக்கிறான், விடுதி அறையில் ஒருவன் ஏன் திடீரெனப் பேச்சை நிறுத்திவிடுகிறான் என்று அறிந்த மேலாளருக்குச் சம்பளம் கொடுப்பது முதலாளிக்கு நஷ்டமா?

எஞ்சியிருப்பது ஒன்று: கற்பிக்க ஆள் இல்லை என்பது. கோவைப் பூ.சா.கோ. கலை அறிவியல் கல்லூரியிலேயே உளவியல் இளநிலைப் படிப்பு நடக்கிறபடியால் அந்தப் பாடத்தைப் பொறுத்து இது செல்லாது. சமயவியலுக்கோவெனில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தத்துக்கும் வைணவத்துக்கும் சமணத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் தனித்தனித் துறைகள் இருக்கின்றன. அங்கே பட்டம் பெற்றவர்களும் இருக்கிறார்கள். பேரூரில் ஆதீனத்தின் ஆதரவில் 1953 முதல் ஒரு தமிழ்க் கல்லூரியே நடந்துவருகிறது. சமயவியல் ஆசிரியர் தேவை என்று கோவைக் கல்லூரி ஒன்று முதலில் விளம்பரம் செய்யட்டும். ஒருவரும் விண்ணப்பிக்கவில்லையானால் அப்போது இந்த ஆக்ஷேபத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.