அரிவாளுக்கு விழும் லைக்

1999 ஏப்ரல் 20-ல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றார்கள். அவர்களைக் காப்பியடிக்க ஆட்கள் இன்னும் கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

நம்மூரில் துப்பாக்கி கிடைக்காது, அரிவாள் கிடைக்கும். 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்தவர்களே வீடு புகுந்து பட்டியலின மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவனின் புத்தகப் பைக்குள் அரிவாள். அதால் சக மாணவனை வெட்டினான், தடுக்க வந்த ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது.

ஒன்றைப் பார்த்துத்தான் மற்றது நடந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. கெத்து காட்டும் பாணி மட்டும் ஒன்றுதான்.

நாங்குநேரிக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, சாதிக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. கயிற்றை அறுத்துவிடலாம், சாதிப் பாட்டோடு அரிவாள் சுழலும் ரீல்ஸ்? ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில் பள்ளிப் பையோடு நிற்கும் பையனின் போனுக்கும் அது வந்து சேர்கிறது.

2019 கிறைஸ்ட்சர்ச் மசூதிக் கொலையாளியின் பெயரை உச்சரிக்கவே மாட்டேன் என்றார் அன்றைய நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டன். நம் சேனல்களோ சிசிடிவி காட்சிக்குப் பின்னணி இசை சேர்க்கின்றன. வெட்டுப்பட்ட நாங்குநேரி மாணவன் பிளஸ் டூவில் 469 மதிப்பெண் எடுத்தான். அதைத் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கலாம்.