மஞ்சள் காமாலைக்குப் பன்றிப் பண்ணை காரணமா?

“எங்கள் தோட்டத்தில் 20 வெண்பன்றிகள் வளர்க்கிறோம். போன மாதம் எங்கள் தெருவில் ஐந்து பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. ‘உங்கள் பன்றியால்தான் பரவுகிறது, பண்ணையை எடுங்கள்’ என்கிறார்கள். மகளுக்கு வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருக்கிறோம். அதனால் எங்களுக்கும் பயமாக இருக்கிறது. மக்காச்சோளக் காட்டுக்கு வரும் காட்டுப்பன்றிகள் பண்ணைப் பக்கமும் வருகின்றன. என்ன செய்வது?”
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அகரம், திண்டுக்கல் மாவட்டம்.

பண்ணையை எடுப்பதற்கு முன்னால், தெருவில் எல்லோரும் குடிக்கும் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். ஒரே தெருவில் ஒரே சமயத்தில் பலருக்குக் காமாலை வந்தால், நம் நாட்டில் பெரும்பாலும் கழிவுநீர் கலந்த குடிநீர்தான் காரணமாக இருக்கும். பன்றியிடம் அதே குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ் இருப்பது உண்மைதான். ஆனால், இந்தியப் பன்றிகளிடம் இருப்பது ஒரு வகை. இந்திய மக்களிடம் காமாலையைப் பரப்புவது இன்னொரு வகை.

மஞ்சள் காமாலை தனி நோய் கிடையாது. கல்லீரல் பாதிக்கப்பட்டதைக் காட்டும் அறிகுறி. ஹெபடைடிஸ் ஏ, பி, சி, இ வைரஸ்கள், மது, சில மாத்திரைகள், எலிக்காய்ச்சல் என்று பல காரணங்களால் வரும். இவற்றில் தண்ணீர் மூலம் பரவுபவை ஏ-யும் இ-யும். பன்றியோடு சேர்த்துப் பேசப்படுவது ஹெபடைடிஸ்-இ மட்டும்தான்.

ஒரே குடும்பம், எட்டு வகை

நெல்லில் பொன்னி, சீரகச் சம்பா என்று ரகங்கள் இருப்பதுபோல், ஹெபடைடிஸ்-இ வைரஸிலும் ரகங்கள் உண்டு. மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்து, அவற்றை எட்டு வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். இந்த வைரஸின் மரபணு சுமார் 7,200 எழுத்துகள் கொண்டது. பிரதி எடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்தும் வசதி இதற்கு இல்லாததால், காலப்போக்கில் வேறுபாடுகள் கூடிக்கொண்டே போகின்றன.

1, 2-ம் வகைகள் மனிதர்களிடம் மட்டுமே சுற்றி வருபவை. நோயாளியின் மலம் குடிநீரில் கலப்பதால் பரவுகின்றன. 3, 4-ம் வகைகள் வளர்ப்புப் பன்றி, காட்டுப்பன்றி, மான் ஆகியவற்றிடம் இருப்பவை. அங்கிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடியவை. 5, 6-ம் வகைகளை ஜப்பானியக் காட்டுப்பன்றிகளிடமும், 7, 8-ம் வகைகளை ஒட்டகங்களிடமும் கண்டறிந்தார்கள்.

பன்றியிடம் இந்த வைரஸ் இருப்பது 1997-ல் அமெரிக்காவில்தான் முதலில் தெரியவந்தது. அதன் பிறகு உலகம் முழுக்கத் தேடியபோது, பன்றி வளர்க்கும் நாடுகள் பலவற்றிலும் கிடைத்தது. இந்தியாவில் புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தின் டாக்டர் வித்யா அரங்கல்லே குழுவினர், மேற்கு இந்தியாவில் பன்றிகளிடமும் நோயாளிகளிடமும் எடுத்த வைரஸை ஒப்பிட்டு, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். பன்றிகளிடம் இருந்தது 4-ம் வகை; நோயாளிகளிடம் இருந்தது 1-ம் வகை. 2007-ல் வெளியான வட இந்திய ஆய்வும், அங்கு மனிதருக்கு வரும் நோய்க்கு விலங்குகள் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு என்றே சொன்னது.

சாதாரண ரத்தப் பரிசோதனையில், ‘ஹெபடைடிஸ்-இ இருக்கிறது’ என்று தெரியுமே தவிர, எந்த வகை என்று தெரியாது. அதற்கு மரபணுவைப் படிக்க வேண்டும். ஆகவே, பரிசோதனை முடிவை மட்டும் காட்டி, ‘இது பன்றியிடம் இருந்து வந்தது’ என்று யாராலும் சொல்ல முடியாது.

டெல்லி சொன்ன பாடம்

1955 டிசம்பரில் டெல்லியில் தொடங்கி, 1956 ஜனவரி வரை நீடித்த காமாலையில் 29,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். யமுனையில் இருந்து நகரத்துக்கு நீர் எடுக்கும் வஜீராபாத் நிலையத்தில், நஜஃப்கர் சாக்கடை நீர் கலந்ததுதான் காரணம். நிலைமை தெரிந்து குளோரினைக் கூட்டினார்கள். அதனால் டைபாய்டு பெருகவில்லை; காமாலை மட்டும் பரவியது. இது ஹெபடைடிஸ்-ஏ என்றுதான் அப்போது நினைத்தார்கள். சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோதுதான், வேறு வைரஸ் என்று புரிந்தது. 1978-ல் காஷ்மீரில் பரவிய காமாலையை ஆராய்ந்த டாக்டர் முகமது சுல்தான் குரூவும் இதே முடிவுக்கு வந்தார். கர்ப்பிணிகளிடம் இறப்பு அதிகமாக இருப்பதையும் அவர் கவனித்தார்.

குழாயில் மருந்து வாசனை வந்தாலே தண்ணீர் சுத்தம் என்று இருந்துவிடக் கூடாது என்பதுதான் டெல்லி சொன்ன பாடம். தெருவில் காமாலை இருக்கும்வரை, தளதளவென்று கொதிக்கவைத்து ஆறிய நீரையே குடிக்க வேண்டும். குழாய் உடைந்து சாக்கடைக்குள் கிடக்கிறதா, கிணற்றுக்குப் பக்கத்தில் கழிப்பறைத் தொட்டி கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து பேருக்குக் காமாலை வந்த விஷயத்தை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பேரூராட்சிக்கும் எழுதிக் கொடுங்கள். தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் சோதிக்கலாம். தொற்று ஏறி 2 முதல் 10 வாரம் கழித்துத்தான் கண் மஞ்சளாகும். எனவே, இன்று தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாமல், கடந்த இரண்டு மாதத்தில் எப்போதாவது கலங்கலாக வந்ததா என்று விசாரியுங்கள்.

மகளைப் பற்றி

மற்றவர்களுக்கு ஹெபடைடிஸ்-இ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். கர்ப்பிணிகளுக்கு அப்படிச் சொல்ல முடியாது. கடைசி மூன்று மாதத்தில் இந்த நோய் வந்தால், 100 பேரில் 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பசியின்மை, குமட்டல், அடர் மஞ்சள் சிறுநீர், கண் மஞ்சள் என்று எது தெரிந்தாலும் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கீழாநெல்லி கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அவருக்குக் குடிக்க மட்டுமல்லாமல், வாய் கொப்பளிக்கவும் கொதித்து ஆறிய நீரே கொடுங்கள். வெளியில் மோர், பழச்சாறு, ஐஸ் வேண்டாம். பண்ணை வேலைக்கும் அவரை அனுப்ப வேண்டாம்.

பண்ணையில் செய்ய வேண்டியவை

4-ம் வகை மனிதரைத் தொடாது என்று நினைத்துவிடக் கூடாது. சீனாவிலும் ஜப்பானிலும் அது மனிதர்களைத் தாக்கியிருக்கிறது. தொற்றிய பன்றியைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. 2 முதல் 4 மாதக் குட்டிகளுக்குத்தான் பெரும்பாலும் தொற்றுகிறது. அவை வழக்கம்போலத் தின்னும், எடை கூடும். ஆனால், சில வாரங்களுக்குச் சாணத்தில் வைரஸ் வெளியேறும். எனவே, சாணத்தைச் சரியாகக் கையாள்வதுதான் வழி.

கொட்டகைக் கழிவு கிணறு, வாய்க்கால், குடகனாற்றுப் பக்கம் ஓடக் கூடாது. கிணற்றில் இருந்து குறைந்தது 50 அடி தள்ளிக் குழி எடுத்து, மட்க வைத்த பிறகே எருவாகப் போட வேண்டும். பச்சையாக உண்ணும் காய்களுக்கும், கீரைக்கும் பச்சைச் சாணக் கரைசலை ஊற்றக் கூடாது. கொட்டகைக்கென்று தனி ரப்பர் செருப்பும் கையுறையும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலி, பன்றி இவற்றின் சிறுநீர் மூலம் பரவும் அதற்கு மருந்து உண்டு. மருத்துவரிடம், ‘பன்றி வளர்க்கிறோம்’ என்று சொல்லிவிடுங்கள்.

காட்டுப்பன்றியைக் கொட்டகைப் பக்கம் விடாமல் இருக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. 2023 ஜனவரியில் முதுமலையில் செத்துக் கிடந்த காட்டுப்பன்றிகளிடம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. அது மனிதருக்கு வராது. ஆனால், பண்ணைக்குள் புகுந்தால் மொத்தப் பன்றிகளையும் இழக்க நேரிடும். கொட்டகையைச் சுற்றி இரட்டை வேலி போடுங்கள். சிந்திய தீவனத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். ஓட்டல் கழிவை நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே பன்றிக்கு வையுங்கள்.

“காட்டுப்பன்றிக் கறி மூலத்துக்கு நல்லது, ஈரலை லேசாக வாட்டிச் சாப்பிட வேண்டும் என்கிறார்கள். சரியா?”
- இன்னொரு வாசகர், தாடிக்கொம்பு.

சரியில்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றியை வேட்டையாடுவதும் கறி வைத்திருப்பதும் குற்றம். காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுடலாம் என்று 2025-ல் தமிழக அரசு அறிவித்ததும் வனத்துறையினருக்கு மட்டும்தான்.

உடல்நலத்தைப் பார்த்தாலும் அரைவேக்காட்டு ஈரல் ஆபத்து. இந்த வைரஸ் பெருகும் இடமே ஈரல்தான். ஜப்பானின் டொட்டோரி பகுதியில் காட்டுப்பன்றி ஈரலைப் பச்சையாகச் சாப்பிட்ட இரண்டு பேருக்கு ஹெபடைடிஸ்-இ வந்து, ஒருவர் இறந்தார் என்று 2003-ல் மருத்துவ இதழில் வெளியானது. அதே ஆண்டில் ஹியோகோ பகுதியில் மான் கறியைப் பச்சையாகச் சாப்பிட்ட நான்கு பேருக்கு நோய் வந்தது. குளிர்பெட்டியில் மிச்சம் இருந்த கறியில் கிடைத்த வைரஸும் நோயாளிகளிடம் கிடைத்ததும் மரபணு அளவில் ஏறக்குறைய அப்படியே பொருந்தின. கறியில் இருந்து மனிதருக்குத் தொற்றியது நேரடியாக உறுதியானது அப்போதுதான். 2015-ல் ஜப்பான் உணவகங்களில் பச்சைப் பன்றிக் கறி பரிமாறத் தடை வந்தது.

பண்ணைப் பன்றியின் கறியைத் தாராளமாகச் சாப்பிடலாம்; வேகவைப்பதில்தான் கவனம் வேண்டும். ஈரலின் உள்பகுதி 71 டிகிரி செல்சியஸ் சூட்டில் 20 நிமிடம் இருந்தால்தான் வைரஸ் முழுமையாக அழிகிறது என்று பிரான்ஸ் நாட்டு ஆய்வு காட்டியது. நம் சமையலில் அதற்கு வழி இருக்கிறது. ஈரலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, குழம்பில் போட்டு, கொதி வந்த பிறகு அரை மணி நேரம் வேகவிட்டால் போதும். கறி வெட்டும் இடத்திலேயே தணலில் வாட்டிக் குழந்தைகள் கையில் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பச்சைக் கறி வெட்டிய கத்தி, பலகையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே காய் நறுக்குங்கள். மூலத்துக்கு மருத்துவரைப் பாருங்கள்.