தாயின் கல்வியும் சேயின் உயிரும்

ஏழை நாடுகளில் குழந்தைகள் மடிவதற்கு வறுமையே காரணம், மருத்துவமனைகளைக் கட்டிவிட்டால் போதும் என்று கூறுவோர் உண்டு. மருத்துவமனை வேண்டும், ஐயமில்லை. ஆனால், அதன் வாசலுக்குக் குழந்தையைத் தூக்கி வருபவர் யார்? தாயல்லவா!

நைஜீரியாவில் யொரூபா மக்களிடையே ஆய்வு நடத்திய ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர் ஜான் கால்டுவெல், 1979-ஆம் ஆண்டில் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். கணவனின் கல்வி, தொழில் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும், படித்த தாயின் பிள்ளைகளே மிகுதியாகப் பிழைத்திருந்தனர்.

பள்ளிக்கூடம் அவளுக்கு மருத்துவம் கற்பிக்கவில்லையே, பின் எப்படி? கால்டுவெல் தரும் விளக்கம் சிந்திக்கத்தக்கது. பிள்ளை நோயுற்றால், படிக்காத தாய் கணவனின் சொல்லுக்கும் மாமியாரின் சொல்லுக்கும் காத்திருப்பாள். படித்தவளோ விதியென்று வாளாவிருப்பதில்லை, தானே முடிவெடுக்கிறாள், மருத்துவரிடம் துணிந்து பேசுகிறாள், அவரும் செவிசாய்க்கிறார். வீட்டில் உணவிலும் கவனிப்பிலும் பிள்ளைகளுக்கு முதலிடம் கிடைக்கிறது. ஆக, கல்வி அவளுக்குத் தந்தது எழுத்தறிவு மட்டுமன்று. வாய்திறந்து பேசும் உரிமையும் ஆகும்.

175 நாடுகளின் விவரங்களை ஆராய்ந்து 2010-ல் வெளிவந்த ஆய்வொன்றும் இதையே வலியுறுத்துகிறது. 1970-க்கும் 2009-க்கும் இடையே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு குறைந்ததில், ஏறத்தாழப் பாதிக்குப் பெண்கல்வியின் வளர்ச்சியே காரணம் என அது மதிப்பிடுகிறது.

நண்பர்களே! "பெண்பிள்ளைக்கு எதற்குப் படிப்பு?" என்று கேட்போருக்கு இனி நாம் தயங்காமல் விடை கூறுவோம். பள்ளியிலிருந்து ஒரு சிறுமியை நிறுத்தும்போது, நாளை அவள் பெறப்போகும் மழலையின் பாதுகாவலையும் சேர்த்தே நிறுத்துகிறோம்.