வளைகாப்புக்கு என்ன அவசரம்?

ஆடி பிறந்தால் சங்கரன்கோவிலே திருவிழாக் கோலம்தான். கோமதி அம்மனின் ஆடித் தபசைப் பார்க்கச் சுற்றுப்பட்டுக் கிராமங்களே திரண்டு வரும். அதே ஆடியில் நம்மிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. புதுசாகக் கல்யாணமான பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துக் கொள்வது. 'ஆடியில் கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிரசவம். தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது' என்பார்கள் பெரியவர்கள். ஆக, பிள்ளை எப்போது பிறக்கலாம் என்று யோசிப்பது நமக்குப் புதுசே இல்லை!

அந்த யோசனை, பதினேழு வயசுப் பெண் விஷயத்தில் மட்டும் எங்கே போகிறது?

'டீன் ஏஜ் கர்ப்பம்' என்றதும் சினிமா, செல்போன், காதல் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் நம் நாட்டில் அது பெரும்பாலும் கல்யாண வீட்டில்தான் தொடங்குகிறது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேர், 18 முடியும் முன்பே கல்யாணமானவர்கள். 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 6 பேர், தாயானவர்கள் அல்லது கர்ப்பிணிகள்.

"காலம் கெட்டுக் கிடக்கு. ஒருத்தன் கையில பிடிச்சுக் கொடுத்துட்டா நிம்மதி" என்கிறார்கள் பெற்றோர். பயம் நியாயம்தான். ஆனால் எந்தக் கர்ப்பத்துக்குப் பயந்தோமோ, அதே கர்ப்பம் அடுத்த வருஷமே தாலியோடு வந்து நிற்கிறதே! உடம்புக்குத் தாலி தெரியுமா? ரத்தசோகை, ரத்தக் கொதிப்பு, குறைப் பிரசவம், எடை குறைந்த குழந்தை... எல்லா ஆபத்தும் இளம் தாய்க்கு அதிகம். சட்டமும் ஒப்பாது. 18 வயதுக்குட்பட்ட மனைவியோடு உறவு கொள்வதும் குற்றமே என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

சரி, பதினெட்டு, பத்தொன்பதில் கல்யாணமாகி வரும் பெண்ணுக்கு? 'விசேஷம் உண்டா?' என்று மூணாம் மாசமே கேட்கிறோம். 'கொஞ்சம் பொறும்மா' என்று சொல்ல ஆளில்லை. காரணம், குடும்பக் கட்டுப்பாடு என்றாலே நமக்கு ஆபரேஷன்தான். அதே கணக்கெடுப்பில், தமிழ்நாட்டின் மணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 58 பேர் ஆபரேஷன் செய்து கொண்டவர்கள். முதல் குழந்தையைத் தள்ளிப்போடும் வழிகள் பலருக்குத் தெரிவதில்லை.

அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே தரும் வழிகள் உண்டு. ஆணுறை, பால்வினை நோயையும் தடுப்பது இது ஒன்றுதான். தினமும் சாப்பிடும் 'மாலா-என்' மாத்திரை. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை சாப்பிடும் 'சாயா'; இதில் ஹார்மோன் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் 'அந்தரா' ஊசி. ஐந்து அல்லது பத்து வருஷம் காக்கும் காப்பர்-டி. வேண்டாதபோது எடுத்து விடலாம். யாருக்கு எது பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் சாப்பிடும் அவசர மாத்திரை, கருக்கலைப்பு மாத்திரை அல்ல. அதை வழக்கமாக்கவும் கூடாது.

ஒருவேளை கல்யாணமாகாத மகளே கர்ப்பமாகி நின்றால்? அடிக்காதீர்கள், மூடி மறைத்து மருந்துக்கடை மாத்திரையைக் கொடுத்து உயிரோடு விளையாடாதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 2021-ல் திருத்திய சட்டப்படி, சிறுமிகளுக்கு 24 வாரம் வரை கருக்கலைப்புக்கு வழியுண்டு. போலீசுக்குத் தகவல் போகும். ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக் கொண்டால், டாக்டர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

இதெல்லாம் மகளிடம் பேசலாமா என்று கூச்சப்படும் தாய்மார்களே, நீங்கள் பேசாவிட்டால் அரைகுறையாகத் தெரிந்த தோழி பேசுவாள். மகனிடமும் பேசுங்கள், பொறுப்பு அவனுக்கும் உண்டு. பக்கத்து வீட்டில் சிறுமிக்குக் கல்யாணம் என்றால் 1098-க்கு ஒரு போன் போடுங்கள்.

தாலிக்குத் தங்கம் கொடுத்த அரசுத் திட்டமே, 2022-ல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களின் மேற்படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமாக மாறிவிட்டது. நாம் மட்டும் மாறாமல் இருக்கலாமா?